மங்கும் விளக்கு

வீட்டில் தொலைக்காட்சி, குக்கர் விசில்,
தம்பியின் பெருக்கல் வாய்ப்பாடு.
அதனால்தான் ஈசூனில் எங்கள் புளோக்கின்
பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே
படிக்கட்டில் உட்கார்ந்து
கைப்பேசியைக் குழாயில் சாய்த்துவிட்டுப்
பேசுகிறேன்.

அசையாதிருந்தால் இங்கே விளக்கு மங்கிவிடும்.
மின்சாரச் சிக்கனம்.
சோகமான வரி வரும்போதெல்லாம்
கையை ஒரு வீசு வீச வேண்டும்.

முதல் பதிவில் மேல்மாடி ஹம்சா அங்கிள்
குப்பைப் பையோடு இறங்கிவந்து
'சாரி, சாரி' என்று குனிந்து கடந்தார்.
இரண்டாவதில்
'எனக்கு வழி தெரியவில்லை' என்பதற்கு
'வலி தெரியவில்லை' என்றேன்.
வாய்மொழித் தேர்வென்றால் மதிப்பெண் போயிருக்கும்.
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
அழிக்க மனம் வரவில்லை.

அம்மா பின்தொடரும் கணக்கில்
பிறந்தநாள் கேக் மட்டும்தான்.
இது இன்னொன்று.

இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள்.
'அந்தக் கையசைவு! பரதம் கற்றாயா?' என்றாள் ஒருத்தி.
வகுப்பில் என் பின்னால் உட்காரும் சேரலன்
சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டான்,
பிறகு எடுத்துவிட்டான்.
போட்டதைவிட
எடுத்ததைப் பற்றியே நெடுநேரம் யோசித்தேன்.

நள்ளிரவு தாண்டி
முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து:
'எங்கள் புளோக்கில் எட்டு நொடி.
உங்களுக்கு?'

போர்வைக்குள்ளிருந்து தட்டினேன்:
'பத்து.'