மங்கு

ஃபஹாஹீலில் மூன்றாம் மாடி.
கீழே ஷவர்மா கடை, பக்கத்தில் பணம் அனுப்பும் கடை,
எங்கள் கதவில் ஒரு பெண்ணின் பாதி முகம்.
உள்ளே ஆளுயரப் பலகையில்
முந்நூறு சிவப்பு விளக்குகள்
ஒரே சமயத்தில் கண் விழிக்கும்.

பொத்தான் என் கையில்.
பேர்ப்பட்டையில் 'தெரபிஸ்ட் ரெக்சலின்' என்றிருக்கும்.
படித்தது மூன்று நாள்.

பருவுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா?
கர்ப்பம்? கட்டி? வலிப்பு?
கேட்டு, டிக் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி,
ஒரு முழம் தள்ளி நிறுத்தி
பத்து நிமிடம் வைப்பேன்.

விளம்பரத்தாளில் பதினேழு நன்மைகள்.
நான் பார்த்தது மூன்று.
சுருக்கம் கொஞ்சம் இளகும், சிலருக்கு.
முழங்கால் கொஞ்சம் மடங்கும், சிலருக்கு.
முன்மண்டையில் பூனைமுடி, ஒரே ஒருவருக்கு;
அவர் மருந்தும் தடவிக்கொண்டிருந்தார்.
கொஞ்சம், சிலருக்கு.
மேனேஜர் சொல்லித்தந்த அரபியில்
இந்த இரண்டு சொல்லும் கிடையாது.

உம்மு பதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
போன் பார்ப்பார்.
"சுடவே இல்லையே பெண்ணே!"
சுடாது மேடம். பாதி வெளிச்சம்
கண்ணுக்கே தெரியாது.
அதனால்தான் மாட்டச் சொல்கிறேன்.
இறக்குவார். நான் திரும்பியதும் ஏற்றுவார்.

தங்கப்பழம் ஆலையில் வெல்டர்.
கம்பெனிக் குலுக்கலில் விழுந்த கூப்பன், ஐந்து தடவைக்கு.
ஜூலையில் பதினொன்று முதல் நான்கு வரை
வெளிவேலை கூடாதென்று சட்டம்;
அந்த இடைவேளையில் வருவார்,
வெயிலுக்குத் தப்பி வெளிச்சத்துக்கு.
அவர் மட்டும்தான்
நான் நீட்டுமுன் கண்ணாடியைக் கேட்டு வாங்கியவர்.
"ஒரு தடவை கண்ணு அடிபட்டுச்சும்மா.
ராத்திரி பூரா மணலை அள்ளிப் போட்ட மாதிரி.
உருளைக்கிழங்கு வெட்டி வச்சுக்கிட்டு
ரூம்ல எட்டுப் பேரும் மல்லாந்து கெடந்தோம்."
சொல்லிச் சிரித்தார். மணிக்கட்டை நீட்டினார்.
இரண்டாம் நிமிடம் குறட்டை.

ஐந்தாம் நாள் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்:
"ஸ்பானர் பிடிக்குது."
வெளிச்சம்தானா,
இல்லை, பத்து நிமிடம் யாரும்
பேர் சொல்லிக் கத்தாததா,
எனக்குத் தெரியாது.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

என் கதை வேறு.
கடை அடைத்த பிறகு, மாரிசெல் தரை துடைக்கும் நேரம்,
என் கன்னத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.
பத்து. இருபது.
ஒரு ராத்திரி நாற்பத்தைந்து.
வந்தவர்கள் தினார் தினாராய் எண்ணிக் கொடுப்பதை
எனக்கு ஓசியில் விட மனசில்லை.
மூக்குக்கு இருபுறமும் முன்பே இருந்தது,
டீத்தண்ணீர் நிறத்தில் லேசாய் மங்கு.
ஆறாம் வாரம் அது
காப்பிக் கறையாய்க் கெட்டியானது.
பேரில் மட்டும்தான் மங்கும் போல.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.
"மங்குக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது.
உங்க படிவத்துல இந்தக் கேள்வி இல்லையா?"
இல்லை.
மறுநாள் பேனாவால் அடியில் எழுதிச் சேர்த்தேன்.
மேனேஜர் நகல் எடுத்தபோது
அடி ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.
தெரிந்து வெட்டினாரா, மிஷின் வெட்டியதா,
கேட்கவில்லை. விசா அவர் கையில்.
இப்போது வாயால் கேட்கிறேன்.
கேட்கும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.
இருவர் எழுந்து போயிருக்கிறார்கள்.

இரவு பஸ் அகமதி பக்கம் திரும்பும்போது
ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் தீ
ஜன்னலோரத்து முகங்களை எல்லாம் சிவப்பாக்கும்,
தூங்கும் சமையல்காரரை, செக்யூரிட்டியை,
மடியில் காலி டிபன்பாக்ஸோடு என்னை.
யாரும் படிவம் நிரப்பவில்லை.
யார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி இல்லை.
பழக்கதோஷம்,
என் கட்டைவிரல்
சீட்டின் கைப்பிடியில்
பொத்தானைத் தேடுகிறது.