எட்டாவது ஸ்கிரீன்

போலந்து மியூசியம் ஒன்றின் ஆர்டர்.
ஆயிரத்து இருநூறு பனியன்,
நெஞ்சில் அந்த நாட்டின் பழைய வரைபடம்.
சாகும்போது ராசா மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தானாம்.
தலைநகர் மூத்தவனுக்கு,
மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சீமை.
அப்புறம் பேரன்கள். துண்டிலும் துண்டு.
ஒரு சீமைக்கு ஒரு கலர்,
ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன்.
ஏழோடு முடியுமென்று ரேட் பேசியிருந்தேன்.
எட்டாவது மெயிலில் வந்தது,
ஊறவைத்த பச்சைப்பயறு அளவு.

சென்னியப்பன் நிட்டிங்ஸும்
போன தையில்தான் பாகமானது.
பேரும் சர்டிபிகேட்டும் பெரியவர் அவினாசியப்பனுக்கு.
நிட்டிங் திருமூர்த்திக்கு.
நொய்யலோரம் சீல் வைத்துக் கிடக்கும் சாயப்பட்டறை
ரத்தினத்துக்கு.
பிரிண்டிங் டேபிள் கடைக்குட்டிக்கு,
டேபிளோடு நானும்.

துணி வர ஒரு சலான். பேஸ்ட் வர ஒரு சலான்.
கியூரிங் மிஷின் புதுச் சுவருக்கு அந்தப் பக்கம்.
முன்பு நாலு எட்டு;
இப்போது ஈர பனியனை இரண்டு கையிலும் ஏந்தி
மெயின்ரோடு சுற்றிப் போகிறான் பையன்.

பில்லில் பெரியவர் கையெழுத்து வேண்டும்.
"அண்ணங்கிட்ட நான் கேக்கமாட்டனுங் மாஸ்டர்,
நீங்க போய்க் கேளுங்க."
கேட்டேன்.
"அவன் வரட்டும்" என்றார்,
சாமி படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டே.

ராத்திரி எட்டாவது ஸ்கிரீனை இறக்கினேன்.
நூலளவு விலகிவிட்டது.
இரண்டு சீமைக்கு நடுவே
வெறும் துணி தெரிகிறது,
யார் பேருக்கும் எழுதாத இடம்.

செக்கிங் செல்வநாயகி
ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்கிறாள்:
"இது ஆறுங்களா மாஸ்டர்,
டேமேஜுங்களா?"