ஒரு நடை

ஐந்து லட்சம் டன் டாங்கருக்கென்று தோண்டிய உலர்துறை.
ஹித் முனையில், அதன் ஓர் ஓரத்தில்,
அண்டாவில் போட்ட ஒற்றைக் கத்தரிக்காய் போல
அந்தக் கிழட்டுச் சரக்குக் கப்பல்.
எழுபத்தெட்டு, ஆகஸ்ட்.
இரும்பைத் தொட்டால் தோல் அதனுடன் போகிற மாதம்.

முகப்பில் கிரைண்டர் வைத்தேன்.
கிரேக்கப் பெயர் உதிர்ந்தது.
அடியில் பனாமாக்காரன் வைத்த பெயர்.
அதற்கும் அடியில், போர்க்காலச் சாம்பல் நிறத்தில்,
ஹெஸ்டர் லூம்.
எவளோ செத்துப்போன ஒருத்தி.
செத்தவர்கள் பெயரைத்தான் வைப்பார்களாம்.
அத்தனை கப்பலுக்கு
உயிரோடிருக்கிறவர்கள் பற்றியிருக்க மாட்டார்கள்
என்றான் இஸ்திராக்கு.

கொஸ்தா, எங்கள் போர்த்துக்கீசிய சூப்பர்வைசர்,
டீ குடிக்கும்போது மட்டும் பேசுவான்.
நாற்பது நாளில் ஒன்று இறக்கினார்களாம்.
பந்தயத்துக்காக ஒன்றை ஐந்து நாளுக்குள்.
கை ஓரிடம், கழுத்து ஓரிடம்,
தையல்கடைச் சட்டை மாதிரி தனித்தனியாகச் செய்து
கிரேனில் தூக்கி ஒட்டினார்களாம்.
ஆணி அடிக்க நேரமில்லை, முக்கால்வாசி வெல்டிங்.
நேற்றுவரை மாவு பிசைந்தவர்கள், தபால் பிரித்தவர்கள்,
சுடுகலனே பார்த்திராத பெண்கள்,
சில வாரம் பயிற்சி, கையில் ராடு.
சரக்கோடு ஒரு நடை போய்ச் சேர்ந்தால்
போட்ட காசு வந்துவிடும்.
திரும்பி வந்தால் அது லாபம்.

எங்கள் நாற்பத்திரண்டு பாஸ்போர்ட்டுகளையும்
ரப்பர் பேண்ட் போட்டு வாங்கிக்கொண்ட ஆபீஸ்
ஞாபகத்துக்கு வந்தது.
நான் டீயைக் குடித்தேன்.

குளிரில் பிளந்தனவாம் சில.
துறைமுகத்தில் சும்மா நின்றபோதே
வேட்டுச் சத்தத்தோடு இரண்டாக.
பெரும்பாலும் ஹேட்ச் வாயின் சதுர மூலையில்தான்
விரிசல் பிறக்கும்.
பிறகு மூலைகளை வளைத்தார்கள்.
வந்தாலும் அந்த இடத்தோடு நிற்கட்டும் என்று
பிள்ளை பெற்ற வயிற்றுக்குத் துணி கட்டுவதுபோல
ரிவெட் அடித்த பட்டை ஒன்றைக் கட்டினார்கள்.
பட்டை இதிலும் இருக்கிறது.
மூலையை வளைக்க யாரோ மறந்திருக்கிறார்கள்.

கிரேனிலிருந்து இறங்கி வந்த அப்துல்ரசூல்
சரக்கறைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தான்.
கோரம்ஷஹர்க்காரன்.
அவனுக்குப் பதினொரு வயதில்
அவன் ஊர் ஆற்றுவாயில் இதே சாடைக் கப்பல்கள்
நாள்கணக்கில் வரிசையில் நின்றனவாம்.
லாரி, பூட்ஸ், டின் கறி, கோதுமை.
எல்லாம் இறங்கி, ரயிலேறி, ரஷ்யாவுக்கு.
அந்த வருஷம் ரொட்டிக்கடை வாசலில் அடிதடி.
தண்டவாளத்தில் கிழிந்த சாக்கு சிந்தியதை
அவன் அம்மா முக்காட்டில் அள்ளினாள்,
கரித்தூளும் சரளையும் சேர்த்து.
"இந்தக் கப்பலா?" என்றேன்.
"எல்லாம் ஒரே மாதிரிதானே"
என்று கையைத் துடைத்துக்கொண்டு
மேலே ஏறிப் போய்விட்டான்.

மூன்றாவது ஹேட்ச், இடது மூலை.
முழநீள விரிசல்.
பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்டப்
பழைய வெல்டிங் தெரிந்தது,
சங்கரா மீன் முதுகுபோலச் செதில் செதிலாக.
செதில்கள் வலமிருந்து இடமாக ஓடின.
நானும் அப்படித்தான் ஓட்டுவேன்.
பீச்சாங்கை.
அதற்காகச் சோற்றுத்தட்டின் முன்னால்
வாங்கிய அடிக்குக் கணக்கில்லை.

ஆணா பெண்ணா, இரும்பு சொல்லாது.
நடுவில் ராடு மாற்றிய சின்னப் பள்ளம்.
பக்கத்தில் சிதறிய பொறிகள்
துடைக்காமல் அப்படியே உறைந்து கிடந்தன.
ஷிப்ட் மணி அடித்திருக்கும்.

கொஸ்தா மேலிருந்து கத்தினான்:
மூணு ரன் வேண்டாம், ரெண்டு போதும்.
கடானிக் கரைவரைக்கும்தான்,
அங்கே உடைக்கப் போகிறார்கள்.
ஒரு நடை தாங்கினால் சரி.

ரெண்டு ரன் ஓட்டினேன்,
அந்தக் கை நிறுத்திய இடத்தில் தொடங்கி.
பொறிகளை நானும் துடைக்கவில்லை.
மணி அடித்துவிட்டது.