ரசமட்டம்

டார்ட்டு நகரில் வியாழக்கிழமை மழை.
பேருந்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
கைக்குட்டை அளவு ஊர்.
நான்காய் மடித்தால்
ஆறும் சந்தைச் சதுக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பல்கலைக்கழகத்தின் சாந்துச் சிலைகள்.
அத்தனையும் நகல்.
ஒருத்திக்குக் கைகள் இல்லை.
இல்லாத கைகளையும் அச்சுப் பிசகாமல்
நகலெடுத்திருந்தார்கள்.
கம்பளிக் குல்லாய்ச் சிறுமி ஒருத்தி
ஏதோ ஒரு தேவனின் காலடியில் சம்மணமிட்டு
அவன் கட்டைவிரலை மட்டும் வரைந்துகொண்டிருந்தாள்.
நகம் வரவில்லை.
அழித்தாள். ஊதினாள். மறுபடி அழித்தாள்.

அடுத்தது பொம்மைகளின் வீடு.
கண்ணாடிக்குள் ஒரு தகர அடுப்பு,
அதன்மேல் விரல்நுனிப் பாத்திரம்,
உள்ளே நிஜமாகவே ஒரு பட்டாணி.
அடுப்புக்கு வருடம் போட்டிருந்தது.
பட்டாணிக்குப் போடவில்லை.

பிறகுதான் அந்தச் சாய்ந்த வீடு.
ஒரு பக்கம் பழைய கோட்டைச் சுவர்மேல்,
மறுபக்கம் சேற்றில் இறக்கிய மரத்தூண்கள்மேல்.
கல் நின்றது, மரம் இறங்கியது.
குடியிருக்க ஆகாது என்று
படங்களைக் குடிவைத்துவிட்டார்கள் போல.

நான் கட்டடம் அளந்து பிழைப்பவன்.
சுவரைக் கண்டால்
ஒற்றைக் கண்ணை மூடும் வியாதி உண்டு.
மூடினேன்.
அறை முழுக்க அத்தனை சட்டங்களும்
குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார்போல்
ஒரே பக்கம் சரிந்திருந்தன.
ஒன்றே ஒன்று மட்டும் ஒழுங்கு:
உறைந்த ஏரி, சறுக்குவண்டி இழுக்கும் ஒரு மனிதன்.
"இது ஒன்றாவது நேராக இருக்கிறதே" என்றேன்.

காவலுக்கு இருந்த வைகே
நாற்காலியை விட்டு எழுந்தார்.
(அதன் இரண்டு கால்களுக்கு அடியில் மட்டும்
மரக்கட்டை.)
சட்டைப் பையிலிருந்து
சுண்டுவிரல் நீள ரசமட்டத்தை எடுத்து
ஏரியின் சட்டத்தின்மேல் வைத்தார்.
குமிழி ஓடி ஓரத்தில் ஒண்டியது.
பக்கத்துப் படத்தில் வைத்தார்.
நட்டநடுவில் நின்றது.

"மற்றவை திருகாணி போட்டவை.
இது ஒற்றை ஆணி.
மதியம் தூசி தட்ட வரும் மைமுவுக்கு
உத்தரம்தான் கணக்கு.
எனக்கு இந்தக் குமிழி.
அவர் திருப்பிவிட்டுப் போவார்,
நான் திருப்பிவைப்பேன்.
பதினொரு வருடம்."
"அவரிடம் சொல்லலாமே?"
"எதை?"

சொல்லிக்கொண்டே சட்டத்தின் மூலையை
ஒரு நூல் தூக்கினார்.
சறுக்குவண்டிக்காரன்
அதுவரை ஏறிக்கொண்டிருந்த மேட்டிலிருந்து
சமதளத்துக்கு வந்தான்.
எனக்கென்னவோ
இப்போதுதான் அவன் வழுக்கப்போவதாகப் பட்டது.

அவர் அடுத்த அறைக்குப் போனதும்
என் கை தானாக எழுந்தது.
எந்தப் பக்கம் தள்ள என்றுதான் தெரியவில்லை.
உள்ளிருந்து ஒரு இருமல்.
கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெளியே சதுக்கம் ஒரு பக்கமாக இறங்கியது.
விளக்குக் கம்பங்கள் சாய்ந்தன.
சமதரையில் தடுமாறி நடந்த என்னைப் பார்த்து
ரொட்டிக் கடைக்காரர்
ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

நிறுத்தத்தில் அதே குல்லாய்.
மடியில் விரித்த தாள்:
சுருக்கம், மடிப்பு, நிழல் எல்லாம் வந்துவிட்ட
ஒரு தேவனின் கட்டைவிரல்.
நகம் இருக்க வேண்டிய இடத்தில்
அழித்தழித்து விழுந்த ஓட்டை,
அதன் வழியே தெரியும்
அவள் பாவாடையின் சிவப்பு.