ஏழாவது கட்டம்

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுப் பதிவேட்டில்
ஏழாவது கட்டம்: எங்கே காயம்.
தலை, நெஞ்சு, வயிறு, இடது கால் என்று
எழுதிப் பழகிய பேனா
நேற்று ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு
அந்தக் கட்டத்தின் மேல் நின்றுவிட்டது.

செக்கானூரணிக்கு அந்தப்பக்கம் ஏதோ ஊர்.
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த வண்டியில்
தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.
"வயித்து வலிங்க" என்றார் அப்பா.
"தூங்க மாட்டேங்குறா" என்றாள் அம்மா.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பதினோரு நாளாய்ப் பேசவில்லை என்பது
மூன்றாம் முறை கேட்டபோதுதான் வந்தது.
பேச்சியம்மாள், வயது பதின்மூன்று, எட்டாம் வகுப்பு.
"பேருதான் பேச்சி" என்று
சிரிக்கப் பார்த்து, முடியாமல்,
பீடிக்கட்டைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

அப்புறம் அம்மா என் காதருகே வந்து சொன்னது
இங்கே எழுதுவதற்கில்லை.

விதிப்படி துப்பட்டாவை வாங்கினேன்.
கொலுசை, வளையலை, ஹேர்பின் ஆறை.
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில்.
கையை நீட்டு என்றால் நீட்டினாள்,
வேறு யாருடைய கையையோ நீட்டுவதுபோல.

கட்டில் ஐந்து.
இடப்பக்கம் மேலூர் ரோட்டில் லாரியோடு மோதியவன்.
வலப்பக்கம் பாம்பு கடித்த பெரியவர்,
விரியனா சாரையா என்று சுற்றி நின்று
சண்டை போடும் அவருடைய ஜனம்.
அவரவர் வலிக்கு அவரவர் சத்தம் இருந்தது.

"மனநல டாக்டர் காலைல எட்டு மணிக்குத்தான், ஜெசிந்தாக்கா.
அதுவரைக்கும் பிள்ளை மேல இருந்து கண்ண எடுக்காதீங்க"
என்றான் பயிற்சி டாக்டர், தையல் போட்டுக்கொண்டே.
கண் இரண்டு. கட்டில் பதினேழு.

அப்பா திரும்பி வந்தார்.
"இத எழுதுனா ஸ்கூலுக்குத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
"போலீசு?"
அந்தக் கேள்வியோடு அவரை
டாக்டரிடம் அனுப்பிவிட்டேன்.

அவள் மணிக்கட்டால் கண்ணை மூடியிருந்தாள்.
நேர் மேலே டியூப்லைட்.
இங்கே விளக்குக்கு சுவிட்ச் கிடையாது.
இருக்கலாம், இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து,
ஸ்டூலில் ஏறி,
திரைக்கம்பியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன்.
தலையணை அளவுக்கு ஒரு நிழல்
அவள் முகத்தில் விழுந்தது.

"தலைகீழா இருக்கு."

பாம்புக்காரர் வீட்டுப் பிள்ளை யாரோ என்று நினைத்தேன்.

"அட்டை. அம்புக்குறி கீழ பாக்குது."

பார்த்தேன். ஆமாம்.
'இப்பக்கம் மேலே' என்பது தரையைக் காட்டியது.
மாத்தி ஒட்டட்டுமா என்றேன்.
வெகுநேரம் யோசித்தாள்.
இவ்வளவு நேரம் ஒரு அட்டையைப் பற்றி
யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை.
"வேணாம். இருக்கட்டும்."

பிறகு,
"ஸ்கூல்ல ஒரு"

அவ்வளவுதான்.
நான் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து
சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.
எழுந்திருக்கவில்லை. தப்புதான்.

கோரிப்பாளையத்திலிருந்து பாங்கு கேட்டபோது
தூங்கியிருந்தாள், வாய் லேசாகத் திறந்து.
எட்டு மணிக்கு அம்மா
விரலாலேயே தலையைக் கோதிவிட்டு
எதிர்க் கட்டிடத்துக்கு நடத்திக்கொண்டு போனாள்.
கவரை நெஞ்சோடு பிடித்தபடி அப்பா பின்னால்,
உள்ளே கொலுசு சத்தம்.

"ஏழாவது கட்டத்துல என்னக்கா இது?"
என்றாள் காலை டியூட்டி வடிவுக்கரசி.
மூணு நாப்பது என்று எழுதியிருக்கிறேன்.
என்ன மூணு நாப்பது?
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வந்துவிட்டேன்.

இப்போது மதியம்.
ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்தும்
தூக்கம் வரவில்லை.
ஸ்கூல்ல ஒரு.
ஒரு சார்? ஒரு பையன்? ஒரு போட்டோ?
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கிறேன்,
ஒவ்வொன்றும் பொருந்துகிறது, அதுதான் பயம்.

மிச்சத்தை அங்கே சொல்லியிருப்பாள்.
யாராவது ஒரு ஸ்டூலை
இழுத்துப் போட்டிருப்பார்கள்.