பல்லி

லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு:
எதற்காக?
தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு.
கல்மண்டபத்தில் எங்களுக்குப் பயிர் என்றால்
மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று.
தனகோட்டி, விளையாட்டு என்று எழுதினார்.
விளையாடவில்லை.

பெர்த்துக்குக் குடிபோன மெல்வின் டிக்ரூஸ்
எழுபத்தாறில் விற்றுவிட்டுப் போனது.
பி.எஸ்.ஏ., பாயிண்ட் டூ டூ.
அவரும் சுட்டதில்லையாம்.
அவர் மாமனாருக்கு ஏதோ கப்பல் கம்பெனி கொடுத்த பரிசு,
பெட்டியோடு அப்படியே இருந்ததாம்.
மூன்று ஆண்கள் கைமாறியும்
தோட்டா பார்க்காத குழல்.

இப்போது என் பெயரில்.
"நீங்களா சுடப்போறீங்க?" என்று சிரித்த குமாஸ்தா
சிரித்தபடியே முத்திரை வைத்தார்.

காசிமேட்டுக் காற்று இரும்பைத் தின்னும்.
ஜன்னல் கம்பியைத் தின்றது,
கேஸ் அடுப்பின் ஒரு காலைத் தின்றது.
இதை மட்டும் நான் கொடுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை தோறும்
தையல் மிஷின் எண்ணெய், கிழிந்த பனியன்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
போர்வை சுற்றி மடியில் வைத்து ஆட்டோவில் போவேன்.
"கர்ட்டன் கம்பியாக்கா?" என்பார்கள்.
ஆமாம் என்பேன்.
ஏட்டு எழுதுவார்:
ரைஃபிள் ஒன்று. நல்ல நிலையில்.

எனக்கொரு ஆசை இருந்தது. வெளியே சொன்னதில்லை.
பீரோவுக்குப் பின்னால் நாற்பது வருஷம்
கூடவே குடியிருந்தவளின் குரலை
ஒருமுறையாவது கேட்கவேண்டும்.

புனேயில் ஒருவர் இதையெல்லாம் சேர்க்கிறாராம்.
சுடாதது என்றால் நாலரை லட்சம்.
"ஒரே ஒரு தடவை சுட்டாலும்
அப்புறம் அது வெறும் துப்பாக்கிம்மா,"
என்றார் மவுண்ட் ரோடு ஹாத்திம் பாய்.
அதுவரைக்கும் அது என்னவாம்?
கேட்கவில்லை.
மாடித் தளம் ஒழுகுகிறது,
மழை வந்தால் மூன்று குண்டான்.

போல்ட்டை உருவி
டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார்.
"கண்ணாடி," என்றார்.
பிறகு லென்ஸ் எடுத்தார்.
பிறகு வெகுநேரம் பேசவில்லை.
"தோட்டா போகல. ஆனா யாரோ
வெறுமனே விசைய இழுத்திருக்காங்க.
ஊசி வந்து விளிம்புல மோதிருக்கு, பாருங்க.
பத்து தடவ இருபது தடவ இல்ல.
ஆயிரம் இருக்கும்."

குருணை அளவுக்கு
ஒரு பள்ளம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வெளி அறையில்
டிக்.
பல்லி என்று நினைத்து
இருட்டில் படுத்தபடியே
விரலால் தரையைத் தட்டியிருக்கிறேன்.
எந்தத் திசையில் சொன்னது என்று
காலண்டரின் பின்பக்கம் பார்த்திருக்கிறேன்.
வசந்தாவுக்கு அந்த வரனையே முடிக்கலாம் என்றது
அந்தப் பல்லிதான்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்,
வீட்டில் குரல் உயர்த்தாதவர்,
யாரைக் குறி வைத்தார்?
அந்த அறையில் சாமி படங்கள் இருந்தன.
எதிர்வீட்டு ஜன்னல் தெரியும்.
ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ இருந்தது.

"ஒன்னே முக்கால் கேட்டுப் பாக்குறேன்,"
என்று பெட்டியை மூடினார் பாய்.
மூடிய பெட்டியின் மேல் கை வைத்தேன்.
"தோட்டா பத்து குடுங்க."

சுடுதளத்தில்
காதுக்கு மாட்டக் கொடுத்ததை
மடியில் வைத்துக்கொண்டேன்.
அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை,
ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி.
தோளில் ஒரு தட்டு,
வரிசையில் பின்னால் நிற்பவள் நகரச் சொல்வதுபோல.
ஏழு சுட்டேன்.
மூன்று காகிதத்தில் பட்டன,
மற்றவை எங்கே போயினவோ.
மிச்சம் மூன்றை எண்ணிப் பார்த்துவிட்டு
பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் போடவில்லை.
சனிக்கிழமை தேர்தல் அறிவித்தார்கள்.

ஏட்டு புதியவர்.
போர்வையைப் பிரித்தவர்
குனிந்து, மூக்கைச் சுருக்கி, நிமிர்ந்தார்.
"என்னம்மா, வாசன வருதே?"
"பல்லி சொல்லிச்சு," என்றேன்.

ரைஃபிள் ஒன்று, என்று எழுதினார்.
பேனா நின்றது. உதறினார்.
பக்கத்தின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு
நல்ல நிலையில்.