கோட்டின் மேல் கோடு

பள்ளியில் சாக்பீஸ் கரைகிறதென்று
வாத்தியார் ஹெஃபர்னன் பிப்ரவரி முழுக்கப் புலம்புவார்.
எங்கள் டவுசர் பைக்குள்
பிப்ரவரி முழுக்க வெள்ளைத் தூள்.

விஷயம் இதுதான்.
சாம்பல் புதன் வந்துவிட்டால்
உயிர்ப்பு ஞாயிறுவரை பாலிக்ரோனில் கல்யாணம் கிடையாது.
செவ்வாய் இரவுக்குள் மோதிரம் மாற்றாத யாரும்
அந்த ஞாயிறு பூசைக்கு
முதுகைக் காட்டித்தானே படியேற வேண்டும்?
படியின் இரு பக்கமும் நாங்கள்.

சர்ரென்று ஒரு இழுப்பு.
கறுப்புக் கோட்டின் மேல் கோடு,
பழுப்புக் கோட்டின் மேல் கோடு,
கான்ஸ்டபிள் நெய்லனின் பித்தளைப் பொத்தான் கோட்டின் மேலும்
கோடு.
மோஸி பிரிக் மட்டும் தப்பினார்:
சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு
நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து
கோயிலுக்குள் போனார்.
உள்ளே போனபின் பார்த்தால்
முதுகு முழுக்கச் சுவரின் சுண்ணாம்பு.

அதற்கும் மசியாதவர்களுக்கு ஸ்கெல்லிக் இருக்கிறது,
தெற்கே, கடலுக்குள், பாறை.
அங்கே தவக்காலம் பிந்தி வருமாம்;
ஆசையிருந்தால் படகேறலாம்.
யார் யாரோடு ஏறுவாரென்று ஜோடி சேர்த்து
யாரோ கட்டிய பாட்டு
கருமான் பட்டறைக் கதவில் வருஷாவருஷம் ஒட்டியிருக்கும்.
எட்டு வருஷமாய் அதில் ஒரே வரி மாறவில்லை:
தையல்காரி கோப்னட் ட்ரான்ட்டும்
தேடி சுக்ரூவும்.
(பெயரில்தான் தேடி.
அவர் தேடிப் போனது
தொலைந்த ஆட்டை மட்டும்.)
இந்த வருஷம் காகிதம்கூட இல்லை.
நேரே பலகையில், நீலத்தில், அழகான கையெழுத்தில்.

ஞாயிறன்று
கோப்னட் எல்லாருக்கும் முன்னால் வந்தாள்.
படியேறவில்லை.
'தள்ளுங்கடா' என்று எங்கள் வரிசையில் நின்றாள்.
பையிலிருந்து எடுத்தாள்,
சோப்புத் தேய்ந்ததுபோல் தட்டையாக,
தையல் சாக்கு.

தேடி வந்தார்.
அமெரிக்கா போன அண்ணன்
விட்டுப்போன கோட்டு.
அவள் கோடிழுக்கவில்லை.
தோளில் கைவைத்து, 'நில்லு' என்றாள்.
நின்றார்,
லாடத்துக்கு நிற்கும் குதிரைபோல்.
கழுத்திலிருந்து தோளுக்கு ஒரு வளைவு,
கக்கத்தடியில் ஒரு பெருக்கல் குறி,
நடு முதுகில் ஒரு எண்.
பின்னால் ஊரே தேங்கி நின்றது.
மணி அடித்து ஓய்ந்தது.

'ஒன்றரை அங்குலம் பிரிக்கணும்.
எட்டு வருஷமாய்ப் பின் பெஞ்சிலிருந்து பார்க்கிறேன்,
கண்ணை உறுத்துது.'

பிறகு எங்கள் பக்கம் முதுகைத் திருப்பி
'ம், இப்போ போடுங்க' என்றாள்.
ஒருத்தனுக்கும் கை எழவில்லை.
டென்னி மட்டும் போட்டான்.
அவனுக்கு வயது ஆறு.

மறுநாள் உப்புத் திங்கள்.
கல்யாணமாகாதவர் அடுத்த வருஷம்வரை கெடாமலிருக்கத்
தலையில் ஒரு பிடி உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தார்கள்,
துடைப்பமும் கையுமாக.
தேடி மட்டும் கதவைத் திறந்து
தலையைக் குனிந்து கொடுத்தார்.
'கோட்டுமேல படாம' என்றார்.
அது நாற்காலியில் கவிழ்ந்து கிடந்தது,
ஒரு கோடும் கலையாமல்.

செவ்வாயன்று மழை.
கோட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி
தான் நனைந்தபடி
அவள் கடைக்குப் போனார்.
ஒன்றரை அங்குலத்துக்குப் பதினோரு முறை போனார்.
தவக்காலத்தில் தையல் பிரிக்கக் கூடாதென்று
பாதர் கல்ஹேன் எங்கும் சொல்லவில்லை.
யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

டென்னிதான்,
பைக்குள் மிஞ்சிய உப்பை விரலால் நக்கிக்கொண்டு,
நடுத்தெருவில் உரக்க ஆரம்பித்தான்:
'கருமான் கதவுல இருந்த பாட்டும்
நீலம்தானே...'

இன்னொரு பிடி உப்பைப் போட்டு
அவன் வாயை அடைத்தோம்.